குடவோலை ஊரும் நாலாவது பல்பும்

அரசியலைப் பற்றி நம் ஆபீஸ்களில் மூன்று கட்சிகள் உண்டு. 'எல்லாரும் திருடங்க' கட்சி. 'நல்லவங்க யாரும் அரசியலுக்கு வர மாட்டேங்கறாங்க' கட்சி. 'நமக்கெதுக்கு சார் வம்பு' கட்சி. இதில் மூன்றாவதுக்குத்தான் எப்போதும் அறுதிப் பெரும்பான்மை. மூன்று கட்சிக்காரர்களும் ஒரே கேன்டீனில், ஒரே மசால்வடையைத் தின்றுவிட்டு, ஒரே நேரத்தில் நாட்டைக் கை கழுவுகிறார்கள்.

இவர்களை ஒரு நாள் டூர் அழைத்துப் போக ஓர் ஊர் இருக்கிறது. உத்திரமேரூர். சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரண்டு பக்கமிருந்தும் பஸ் உண்டு. வழியெல்லாம் ஏரி, வயல், நடுநடுவே ரியல் எஸ்டேட் கொடிகள். எந்தப் பக்கமிருந்து போனாலும் ஜன்னலோர சீட் கிடைத்தால் காசு செரித்துவிடும்.

2023 அக்டோபர் 2 திங்கட்கிழமை. சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் லீவு. ஊரே கொடைக்கானல், ஏற்காடு என்று மூட்டை கட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் உத்திரமேரூர் பஸ்ஸில். காரணம், கூட வேலை பார்க்கும் நண்பர். அவருக்கு சொந்த ஊர் உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமம். "காலைல கல்வெட்டைப் பாருங்க. பதினோரு மணிக்கு எங்க ஊர் கிராம சபைக்கு வந்துடுங்க. ரெண்டையும் ஒரே நாள்ல பார்த்தாதான் சார் புரியும்" என்று சொல்லியிருந்தார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில். வானளாவும் கோபுரம், தேங்காய் பழக் கடை, செருப்பு டோக்கன் எதுவும் இல்லை. தொல்லியல் துறையின் போர்டும், கம்பி வேலியும், உயரமான கல் அடித்தளத்தின் மேல் ஒரு மண்டபமும். அவ்வளவுதான்.

அங்கே இருந்த பெரியவரிடம், "ஐயா, கல்வெட்டு எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க நிக்கற இடத்துலேர்ந்து ஒரு சுத்து வாங்க. நீங்களும் நானும் தவிர மீதி எல்லாம் கல்வெட்டுதான்."

உண்மைதான். கல்லில் வரிவரியாகத் தமிழ் எழுத்தும், இடையிடையே கிரந்த எழுத்தும் ஓடுகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. அரசனின் 12-ம் ஆட்சியாண்டில், அதாவது 919-ல் ஒன்று. 14-ம் ஆண்டில், 921-ல் இன்னொன்று. 1898-ல் கல்வெட்டுத் துறை படியெடுத்த பிறகுதான் படித்தவர்களுக்கு விஷயம் தெரிந்தது. ஊர்க்காரர்கள் அதுவரை அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காற்று வாங்கியிருப்பார்கள்.

விஷயம் என்ன? ஊர் நிர்வாகத்துக்கு ஆள் எடுப்பது எப்படி என்பதற்கான விதிமுறை. அதுதான் நாம் பள்ளிக்கூடத்தில் ரெண்டு மார்க் கேள்வியாகப் படித்த குடவோலை.

ஊரை 30 குடும்பாகப் பிரித்திருந்தார்கள். இன்றைய பாஷையில் வார்டு. ஒவ்வொரு வார்டிலும் தகுதியுள்ளவர்கள் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, குடத்தில் போட வேண்டும். சிறுவர் முதல் பெரியவர் வரை சபை கூட வேண்டும். கோயில் நம்பிமார்கள் ஒருவர் விடாமல் உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அதைப் பிரித்து வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, மறுபடி அந்தச் சிறுவனே ஓர் ஓலையை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். அந்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தர், ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும்! விரலிடுக்கில் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கலாம் அல்லவா? படித்த பிறகு, நம்பிமார்கள் எல்லோரும் அதே ஓலையை வாங்கி வாசிக்க வேண்டும். அப்புறம்தான் பெயர் பதிவாகும். கள்ள ஓட்டு போடுகிறவன் கையைப் பற்றி ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள்.

இப்படி 30 பேர். அதில் சம்வத்சர வாரியம் என்கிற ஆண்டு வாரியத்துக்கு 12 பேர். தோட்ட வாரியத்துக்கு 12. ஏரி வாரியத்துக்கு 6. பதவிக்காலம் 360 நாள். அதன் பிறகு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அடுத்த மூன்று வருஷத்துக்கு அந்த ஆள் பெயரை ஓலையில் எழுதவே கூடாது.

தகுதிகளைப் பார்ப்போம். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகம். சொந்த மனையில் வீடு. வயது 35-க்கு மேல் 70-க்குள். வேதப் படிப்பு வேண்டும்.

தகுதியில்லாதவர் யார்? அடுத்தவர் பொருளைத் திருடினவர். அப்புறம், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர். அவர் மட்டுமில்லை. அவருடைய சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, கூடப் பிறந்தவன், அப்பா, பிள்ளை, மாமனார், மச்சினன், சகோதரி புருஷன், மருமகன்... கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பகுதி மாதிரி ஒரு பெரிய லிஸ்ட். அத்தனை பேருக்கும் கதவு மூடியாச்சு! அந்த லிஸ்டில் இருக்கும் ஒவ்வொருவரும் பதவியில் உள்ள ஆளை, "கணக்கை ஒழுங்கா எழுதினியாடா?" என்று தினம் ராத்திரி நச்சரித்திருப்பார்கள். ஆடிட்டரை விட மாமனார் கண்டிப்பானவர்.

இன்னொன்று கவனியுங்கள். 919-ல் எழுதிய விதியை 921-ல் திருத்தியிருக்கிறார்கள். முதலில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருஷத்தில் 35 முதல் 70 ஆனது. விதிகள் இன்னும் விரிவாயின. ஓட்டை கண்ணில் பட்டதும் அடைத்திருக்கிறார்கள். தேர்தல் சீர்திருத்தம் என்று நாம் கமிஷன் மேல் கமிஷன் போடுகிற சமாசாரம்.

ஆனால் ரொம்பவும் புல்லரித்துப் போய்விடக் கூடாது. அங்கே ஓட்டு கிடையாது. அது குலுக்கல். அந்தக் குடத்துக்குள் எல்லோருடைய பெயரும் போகவும் இல்லை. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். நிலமும் வேதமும் உள்ள ஆண்களுக்கு மட்டும்தான் ஓலை. பெண்களுக்கு இல்லை. ஏரியில் மண் சுமந்தவனுக்கும் வயலில் நாற்று நட்டவளுக்கும் இல்லை. உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த இடத்தில் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

எல்லோர் பெயரும் குடத்துக்குள் போக ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆனது. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1994-ல் புது ஊராட்சிச் சட்டம். 1996-ல் தேர்தல். தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் நாற்காலி ஒதுக்கப்பட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்காக மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் கூட இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தலித் தலைவரை உட்கார வைக்க 2006 வரை ஆனது. பத்து வருஷம்! கல்லில் விதி எழுதுவது சுலபம். மனசில் எழுத உளி தேடணும்.

சரி, இந்த உத்திரமேரூருக்கு வருவோம். 2020 டிசம்பர் 10 அன்று டில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த விழாவில் பிரதமர் தன் பேச்சில் இந்தக் கல்வெட்டைப் பெருமையாகக் குறிப்பிட்டார். ஊர்க்காரர்களுக்கு சந்தோஷம் இருக்காதா? இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு உத்திரமேரூர் பேரூராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூடக் கிடையாது!

காரணம் சின்னது, காலம் பெரிது. 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்க இருந்த தேர்தலை, இட ஒதுக்கீட்டை ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் வார்டு எல்லை, வழக்கு, வாய்தா. தமிழ்நாட்டில் 27 மாவட்டக் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. காஞ்சிபுரம் உள்பட மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். உத்திரமேரூர் மாதிரிப் பேரூராட்சிகளுக்கும், நகரங்களுக்கும் 2022 பிப்ரவரி 19-ல்தான். அஞ்சேகால் வருஷம் தனி அலுவலர் ஆட்சி. குடத்தைக் கண்டுபிடித்த ஊரில் குடம் காலி.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த அஞ்சு வருஷமும் குழாய்ல தண்ணி வர்லன்னா யார்கிட்ட போய்க் கேக்கறதுன்னே தெரில தம்பி. கவுன்சிலர்னா வீடு தெரியும். வாசல்ல போய் நின்னு கத்தலாம். ஆபீசர் வீடு எங்க இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

அரசியல்வாதி மேல் நம்பிக்கை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. கத்துவதற்கு ஒரு வாசல்!

டவுன் பஸ் பிடித்து நண்பரின் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் ஷாமியானா. மாலை போட்ட காந்தி படம். வரவு செலவு அச்சடித்த பிளெக்ஸ். நூறு நாள் வேலைப் பெண்கள் முன்வரிசையில். இளைஞர்கள் பின்வரிசையில், பைக் மேல். கையெழுத்துப் போட ஒரு நோட்டு. டீயும் பிஸ்கட்டும் ஒரு பக்கம் தயார். கையெழுத்தைப் போட்டுவிட்டு பிஸ்கட்டோடு கிளம்பினவர்களையும் கணக்கில் சேர்த்தால் நல்ல கூட்டம்தான்.

கிராம சபை என்பது ஊராட்சி மன்றம் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்ததுதான் கிராம சபை. டெபாசிட் கட்டாமலே நீங்கள் அதில் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு நாள் கூடிக்கொண்டிருந்தது. 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறு நாளாக்கினார்கள். நான் அந்த ஊர் வாக்காளர் இல்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

ஊராட்சிச் செயலர் கணக்கை வாசித்தார். பிளீச்சிங் பவுடர், குடிநீர் மோட்டார் ரிப்பேர், தெருவிளக்குப் பராமரிப்பு... ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரே ராகம். பாதிப் பேர் தூக்கத்துக்குப் போகிற சமயத்தில், பைக் மேல் இருந்த ஒரு பையன் கையைத் தூக்கினான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலையாம். கம்பெனி சட்டையோடுதான் வந்திருந்தான்.

"கிழக்குத் தெருவுக்கு எத்தினி பல்பு போட்டதா கணக்கு?"

செயலர் பக்கத்தைப் புரட்டினார். "நாலு."

"எங்க தெருவு இருட்டாத்தான் இருக்குது. போன மாசம் எங்கம்மா ராத்திரி கடைக்குப் போயிட்டு வரச்சொல்ல விழுந்து கையில கட்டு. நாலு பல்பு எங்க? காசு எங்க போச்சு?"

தூங்கினவர்கள் விழித்துக்கொண்டார்கள். தலைவர் ஒரு பெண்மணி. ஆனால் எழுந்தது அவர் வீட்டுக்காரர். "யார்ரா உன்னைத் தூண்டி விட்டது? போன எலெக்‌ஷன்ல தோத்தவன்தானே?" என்று ஆரம்பித்தார். பின்வரிசை பைக்குகள் ஸ்டாண்ட் போட்டன. நம்மூர் அரசியலின் அடுத்த சீன் எல்லோருக்கும் தெரியும். நான் பஸ் நேரத்தை யோசிக்க ஆரம்பித்தேன்.

யூனியன் ஆபீசிலிருந்து பற்றாளராக வந்திருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "சார், நீங்க உக்காருங்க. தலைவர் பேசட்டும்."

தலைவரம்மா எழுந்தார். மைக்கை வாங்கவில்லை. "வாடா தம்பி, போயி எண்ணிட்டு வந்துரலாம்" என்றார்.

அவ்வளவுதான்! ஷாமியானா காலி. தலைவரம்மா முன்னால், கணக்கு நோட்டோடு செயலர் பின்னால், அப்புறம் அந்தப் பையன், நூறு நாள் வேலைப் பெண்கள், சின்னப் பிள்ளைகள், ரெண்டு நாய், கடைசியாக நான். பட்டப்பகலில் தெருவிளக்கைப் போடச் சொல்லி மோட்டார் ஆபரேட்டரை ஓட விட்டார்கள். எல்லோரும் அண்ணாந்து நின்றோம்.

ஒன்று. ரெண்டு. மூணு. எரிந்தன.

"நாலாவது எங்கக்கா?" என்றான் பையன். குரலில் ஒரு வெற்றி.

கம்பத்தை எண்ணிக்கொண்டே போன தலைவரம்மா தெருக்கோடி வேப்பமரத்தடியில் நின்றார். "இங்க வந்து பாரு."

அடர்ந்த கிளைகளுக்குள்ளே, இலைகளுக்கு நடுவே, காக்காய்க் கூட்டுக்குப் பக்கத்தில் நாலாவது பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. காக்காய்க்கு ராத்திரியில் படிக்க வசதி.

பையன் கொஞ்ச நேரம் பார்த்தான். "இதுக்குக் கீழதான்க்கா அம்மா விழுந்துச்சு" என்றான், சத்தம் குறைந்து.

"கணக்கு சரியாத்தாண்டா இருக்குது. தெருவுதான் சரியில்ல" என்றார் தலைவரம்மா. "பல்பு போட்ட ஆளு அண்ணாந்து பார்க்கல. நானும் ராத்திரியில வந்து பார்த்திருக்கணும்."

வீட்டுக்காரர் எங்கே என்று தேடினேன். டீ கேன் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து இரண்டு தீர்மானம் எழுதினார்கள். ஒன்று, கிளையை வெட்டிக் கம்பத்தைத் தள்ளி நடுவது. இரண்டு, எந்தத் தெருவில் எத்தனை விளக்கு என்று தெருவாரியாக எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுவது. எண்ணிச் சரிபார்க்கும் பொறுப்பு அந்தப் பையனுக்கு. "நவம்பர் ஒண்ணாந்தேதி கூட்டத்துல நீதான் வாசிக்கணும். ஷிப்டு கிப்டுன்னு சொல்லக்கூடாது" என்று தலைவரம்மா உத்தரவு போட்டார். புகார் சொன்ன வாயை அடைக்க அதைவிடச் சிறந்த பதவி கிடையாது. ஆனாலும் அவன் முகத்தில் சந்தோஷம்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த மத்தியஸ்தரின் விரித்த கையை நினைத்துக்கொண்டேன். 921-ல் அந்தச் சபையார் யாரையும் 'என்னை நம்புங்கள்' என்று கேட்கவில்லை. குடத்தைத் தூக்கிக் காட்டினார்கள். கையை விரித்துக் காட்டினார்கள். கணக்குக் காட்டாதவனை மாமனாரோடு வெளியே அனுப்பினார்கள். 2023-ல் தலைவரம்மாவும் அதைத்தான் செய்தார். வீட்டுக்காரர் கேட்ட 'யார் தூண்டி விட்டது?' என்கிற கேள்விக்குப் பதில் தேடியிருந்தால் ஊர் இரண்டாகியிருக்கும். 'எத்தனை பல்பு?' என்ற கேள்விக்குப் பதில் தேடியதால் ஒரு கிளைதான் விழுந்தது.

ஒரு கிராம சபையில் நாடு திருந்திவிடாது. பல்பு கண்ணுக்குத் தெரியும். கோடிக்கணக்கான டெண்டர் எந்த வேப்பமரத்துக்குள் இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தால் தெரியாது. அதற்குச் சட்டம் வேண்டும், தணிக்கை வேண்டும், உரிய காலத்தில் தேர்தல் வேண்டும். அஞ்சு வருஷம் தேர்தலே நடக்காவிட்டால் கேட்கிற பழக்கம் போய்விடும். பழக்கம் போனால் 'நமக்கெதுக்கு சார் வம்பு' கட்சி இன்னும் ரெண்டு சீட் கூடுதலாக ஜெயிக்கும்.

"கிராமத்துல இருக்கறவனுக்கு சரி, எனக்கு?" என்று கேட்கும் நகரத்து நண்பர்களுக்கு ஒரு தகவல். நகரங்களில் வார்டு கமிட்டி, பகுதி சபை அமைப்பதற்கான விதிகள் 2022-ல் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்களும் நடந்தன. உங்கள் கவுன்சிலர் பெயர் என்ன, உங்கள் பகுதி சபை எப்போது என்று கேட்டுப் பாருங்கள். கிரிக்கெட் டீமின் பன்னிரண்டாவது ஆட்டக்காரர் பெயர்வரை தெரிந்த நமக்கு இது பெரிய வேலையில்லை.

போகும்போது புரட்சி, போராட்டம், கோஷம் எதுவும் வேண்டாம். ஒரு பேனா, ஒரு சின்ன நோட்டு, ஒரே ஒரு கேள்வி போதும்: "எங்க தெருவுக்குன்னு எழுதியிருக்கற செலவைக் கொஞ்சம் வாசிங்க சார்." பதில் வந்ததும் கோபப்படாமல் போய் எண்ணிப் பாருங்கள். தெருவில் வேப்பமரம் இருந்தால், மறக்காமல் அண்ணாந்தும் பாருங்கள்.